பழைய துப்பாக்கி மருந்து டப்பாவைத் திறந்து பார்க்கும் முறை

எனக்குத் துப்பாக்கி சுடவும் தோட்டாவை மறுபடி நிரப்பவும் கற்றுக்கொடுத்த அண்ணன் காலமாகி ஆறு மாதம் கழித்து அண்ணி கூப்பிட்டார். "தம்பி, அவர் அலமாரியில என்னென்னமோ டப்பா இருக்கு. எது ஆபத்து, எது இல்லன்னு எனக்குத் தெரியல. பேரப்பிள்ளைங்க ஓடியாடுற வீடு. நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

மொத்தம் பதினொரு டப்பா இருந்தது. அவற்றில் நான்கைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன். மற்ற ஏழையும் ஏன் ஒதுக்கினேன் என்று சொன்னாலே, பழைய மருந்தை எப்படிப் பார்ப்பது என்பதில் முக்கால்வாசியைச் சொன்னது போலாகும். நான் இங்கே மருந்து என்று சொல்வது இன்றைய தோட்டாக்களில் நிரப்பும் வெடிமருந்தை, அதாவது புகையில்லா மருந்தை. அதற்கு முந்தைய காலத்துக் கருமருந்து வேறு சாதி. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

அலமாரியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை இருந்தது. அண்ணன் பெயரில் இருந்த உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. உரிமம் தரும் அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, என் உரிமத்தின் பேரில் பார்க்கவும் அப்புறப்படுத்தவும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாடாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு டப்பாவின் வெளிப்பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லா டப்பாவும் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தாலோ, மூடியோரம் செம்பழுப்பாக ஆவி தெரிந்தாலோ, டப்பா உப்பியிருந்தாலோ அதைத் திறக்காதீர்கள், எடுத்துக்கொண்டு நடக்கவும் செய்யாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தானாகச் சூடேறத் தொடங்கிய மருந்து எந்த நேரத்திலும் பற்றிக்கொள்ளும். அதை அணைத்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது, ஏனென்றால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த மருந்துக்குள்ளேயே இருக்கிறது. மூடிப்போட்டு அணைக்க முடியாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு நேரத்தில் ஒரு டப்பாவை மட்டும் வெளியே நிழலான, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்றவை தள்ளியே இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு, தீப்பொறி பறக்கும் கருவி எதுவும் கூடாது.

இனி முதல் கேள்வி. மருந்து கெட்டிருக்கிறதா என்பது அல்ல. உள்ளே இருப்பது எந்த மருந்து என்பதுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மோந்து பார்க்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்று திருப்தியாகிறார்கள், பிறகு "இது என்ன பவுடராக இருக்கும்?" என்று யோசிக்கிறார்கள். பெயர் தெரியாத மருந்து எவ்வளவு புதிதாக இருந்தாலும் நமக்குப் பயன்படாது. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இன்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு குச்சி, தட்டை வில்லை, உருண்டை என்று மூன்று நான்கு வடிவங்களுக்குள் நூற்றுக்கணக்கான மருந்துகள் அடங்கிவிடுகின்றன. கைத்துப்பாக்கிக்கான வேகமாக எரியும் மருந்தை ரைஃபிளுக்கான மெதுவாக எரியும் மருந்து என்று நினைத்து நிரப்பினால் முதல் குண்டிலேயே துப்பாக்கி கையில் சிதறலாம்.

பதினொன்றில் மூன்று இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிட்டன. ஒன்று லேபிளே இல்லாத கண்ணாடி ஜாடி. ஒன்று பிளாஸ்டிக் டப்பா. மேலே மார்க்கரால் "ரைஃபிள்" என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்றாவதில் ஒரு லேபிளின் மேல் இன்னொரு லேபிள் ஒட்டியிருந்தது. கீழே இருப்பது சரியா மேலே இருப்பது சரியா என்று சொல்ல வேண்டியவர் இல்லை.

நாலாவது எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டத்தைக் கொடுத்தது. அண்ணனின் அழகான கையெழுத்தில் "4831" என்று ஒரு தாள் ஒட்டியிருந்த டப்பா. 4831 பெயர்பெற்ற ரைஃபிள் மருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்து மிச்சமாகிக் கிடந்ததை அமெரிக்காவில் புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி, தோட்டா நிரப்புகிறவர்களுக்கு மலிவாக விற்றார். ஒரு தலைமுறையே அதில் கற்றுக்கொண்டது. ஆனால் இன்று 4831 என்ற எண்ணில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: ஹாட்ஜ்டன் பெயரில் வரும் எச் 4831, ஐஎம்ஆர் என்ற பெயரில் வரும் ஐஎம்ஆர் 4831. எண் ஒன்றானாலும் மருந்து ஒன்றல்ல; ஐஎம்ஆர் வேகமாக எரியும். எச்-க்கான அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். அந்தத் தாளில் எச்-உம் இல்லை, ஐஎம்ஆரும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. ஒதுக்கிவிட்டேன்.

தயாரிப்பாளரின் லேபிள் முழுசாக இருந்தாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. லேபிள் சொல்லும் வடிவம்தானா உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். லேபிளில் குச்சி மருந்தின் பெயர் இருந்த ஒரு டப்பாவைச் சாய்த்தபோது உருண்டை உருண்டையாக வந்தது. நிரப்பி முடித்ததும், தோட்டாவுக்கு மருந்தை அளந்து விடும் அளவுக் கருவியில் மிஞ்சியதை யாரோ தவறான டப்பாவில் கொட்டியிருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு கொட்டினார்கள் என்பது முக்கியமில்லை. ஒரு பிடி கலந்தாலும் அந்த டப்பா போனதுதான். ஐந்து போயாயிற்று. லேபிளில் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். சில தொகுதிகளைத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெற்றிருக்கிறார்கள். அவர்களின் அறிவிப்புகளில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

இப்போது மூக்கு. பழைய மருந்தைப் பார்ப்பதில் முதல் கருவி மூக்குதான். வேறெந்தக் கருவியும் வீட்டில் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

நல்ல மருந்துக்கும் வாசனை உண்டு. அதைச் செய்யும்போது பயன்படுத்திய கரைப்பானின் மிச்சம் அது. ஊசி போடும் முன் தோலில் தடவும் ஸ்பிரிட், நகப்பூச்சு அழிக்கும் திரவம், ஈதர் இவற்றைப் போல லேசான, கொஞ்சம் இனிப்பான வாசனை. பல வருடம் மூடியிருந்த டப்பாவில் இது முதல் மூச்சில் பலமாகவே வரும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்து நல்ல மருந்தைக் கொட்டிவிடுவதும் உண்டு.

கெட்ட மருந்தில் வருவது வாசனை அல்ல, நெடி. மூக்கின் உள்பக்கம் சுரீர் என்று எரியும், தொண்டை கரகரக்கும், சில சமயம் கண்ணில் நீர் வரும். பள்ளி ஆய்வகத்தில் அமிலப் புட்டியைத் திறந்தபோது பின்வாங்கினீர்களே, அந்த மாதிரி. ஸ்பிரிட் வாசனையை மூக்கு ஏற்றுக்கொள்ளும். இதை ஏற்காது, தலை தானாகப் பின்னால் போகும்.

டப்பாவுக்குள் மூக்கை விடாதீர்கள். கெட்ட மருந்திலிருந்து வருவது நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலுக்கு நஞ்சு. டப்பாவை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அதன் வாய்க்கு மேலே இருக்கும் காற்றைக் கையால் உங்கள் பக்கம் விசிறுங்கள். சந்தேகமாக இருந்தால் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு மறுபடி விசிறிப் பாருங்கள். கரைப்பானின் வாசனை அதற்குள் மெலிந்திருக்கும். அப்போதும் முகத்தைச் சுளிக்க வைக்கிறது என்றால் தீர்ப்பு வந்துவிட்டது. சளி பிடித்திருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்லதென்று தெரிந்த ஒரு புதிய டப்பாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் மோந்துவிட்டு வந்தால் மூக்குக்கு ஒரு கணக்கு கிடைக்கும்.

அடுத்து கண். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் போட்டு, இரண்டு தேக்கரண்டி அளவு மருந்தை அதன் மேல் மெதுவாகக் கொட்டுங்கள். தாளின் ஒரு ஓரத்தைத் தூக்கி மணிகளை மறுபக்கம் உருளவிடுங்கள். மணிகள் போன பாதையில் தாளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் கலந்த கருப்பாக, பென்சில் தீற்றலைப் போல இருந்தால் பயமில்லை. மருந்து தடையில்லாமல் உருளவும் நிலைமின்சாரம் சேராமல் இருக்கவும் மேலே பூசியிருக்கும் கிராஃபைட் அது. செம்பழுப்பாக, துருப்பொடியைப் போல மிக நுண்ணிய தூள் இருந்தால் அந்த டப்பாவோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள்.

மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழுகின்றனவா, எண்ணெய் பட்டது போலப் பிசுபிசுக்கின்றனவா, நிறம் திட்டுத் திட்டாக மாறியிருக்கிறதா, விரலுக்குள் லேசாக அழுத்தினால் பொடிகின்றனவா என்றும் பாருங்கள். நல்ல மருந்து மணல் போலத் தனித்தனியாக ஓட வேண்டும்.

ஆறாவது டப்பா எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பழைய தகர டப்பா. வெளியே பார்க்க அலமாரியிலேயே அதுதான் அழகு, வர்ணம்கூடப் போகவில்லை. மூடியைத் திருகியபோது நறநறவென்று அரைத்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. டப்பாவின் வாய்க்குக் கீழே, மருந்து தொடாத காலி இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு வளையம் போலத் துரு ஏறியிருந்தது. மருந்தின் மேல் அந்தத் துரு உதிர்ந்து தூவிவிட்டது போலக் கிடந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோகவே தேவைப்படவில்லை, நெடி தானே வந்தது.

அதன் பக்கத்திலேயே இருந்த இன்னும் இரண்டு தகர டப்பாக்களில் வெளிப்பக்கம்தான் துரு, அதுவும் அடிப்பாகத்தில். அலமாரித் தட்டில் எப்போதோ ஈரம் தங்கியிருக்கிறது. உள்ளே தகரம் பளபளப்பாக, மருந்து தாளில் சாம்பல் தீற்றலோடு, வாசனை ஸ்பிரிட்டாக இருந்தது. அவை இரண்டும் நான் வைத்துக்கொண்ட நான்கில் சேர்ந்தவை. வெளித்துரு ஈரத்தின் வேலை. உள்துரு அமிலத்தின் வேலை. அட்டை டப்பாவாகவோ பிளாஸ்டிக் புட்டியாகவோ இருந்தால் துருவுக்குப் பதிலாக லேபிளைப் பாருங்கள். வெயில் படாத பக்கத்திலும் லேபிள் பழுப்பேறி, தாள் மொரமொரவென்று உதிர்ந்தால், உள்ளிருந்து ஆவி கசிந்து தாளை அரித்திருக்கலாம்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பார்வை கூர்மையாகும். புகையில்லா மருந்தின் உடம்பு நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் அதோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். அவற்றை இரட்டை அடிப்படை மருந்து என்பார்கள். நைட்ரோசெல்லுலோஸ் செய்த நாளிலிருந்தே மிக மெதுவாகச் சிதைந்துகொண்டிருக்கிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறும்; ஈரத்தோடு சேர்ந்தால் அவை அமிலமாகும்; அந்த அமிலம் மிச்ச நைட்ரோசெல்லுலோஸை இன்னும் வேகமாகச் சிதைக்கும். தன் கேட்டைத் தானே வளர்க்கும் வினை. இதைத் தடுக்கத்தான் டைஃபினைலமீன் அல்லது சென்ட்ரலைட் என்ற நிலைப்படுத்தியைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். வெளிவரும் ஆக்சைடுகளை அது பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். அது இருக்கும் வரை மருந்து அமைதியாக இருக்கும். தீர்ந்துபோன நாளிலிருந்து கதை வேறு.

இந்தப் பாடத்தை உலகம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1884-இல் பிரான்சில் பால் வியேல் செய்த பவுடர் பி தான் படைகள் ஏற்றுக்கொண்ட முதல் புகையில்லா ரைஃபிள் மருந்து. தொடக்கத்தில் அதற்கு நிலைப்படுத்தியாக இருந்தது அமைல் ஆல்கஹால். அது காலப்போக்கில் ஆவியாகிவிடும். 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் உலர்துறையில் நின்ற இயேனா என்ற போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிதைந்த பவுடர் பி தான் காரணம் என்று பலமாகச் சந்தேகிக்கப்பட்டது. 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் லிபெர்த்தே கப்பல் வெடித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். அதன் பிறகு டைஃபினைலமீன் நிலைபெற்றது. உங்கள் டப்பாவில் இருக்கும் அரைக்கிலோவுக்குள் நடப்பதும் அந்த வேதியியல்தான், அளவு மட்டும் சிறியது.

அதனால் "எத்தனை வருடம் தாங்கும்?" என்று யாராவது கேட்டால் நான் வருடக் கணக்கு சொல்வதில்லை, எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்பேன். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் இறுக மூடி வைத்த மருந்து பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். தகரக் கூரைக்கு அடியில், பரணில், காரின் பின்பெட்டியில் சில கோடைகள் கிடந்த மருந்து அதற்கு வெகு முன்பே கெடலாம். இந்த மாதிரி வேதிவினைகள் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு.

சிலர் தாங்களே சோதனை செய்கிறார்கள். அவற்றில் சிலவற்றைச் செய்யவே கூடாது. மருந்தைச் சூடாக்கிப் பார்ப்பது முதலாவது. 65.5 டிகிரியில் நாள்கணக்கில் வைத்துச் செம்பழுப்பு ஆவி வருகிறதா என்று பார்ப்பதும், கெட்ட மருந்தின் ஆவி பட்டால் நிறம் மாறும் மெதில் வயலெட் தாளோடு சேர்த்துச் சூடாக்குவதும் உண்மையான சோதனைகள்தான். ஆனால் அவை ஆய்வகத்தில், காப்பறையில் நடப்பவை. வீட்டு அடுப்பில் அல்ல. இரண்டாவது, ஒரு சிட்டிகையைக் கொளுத்தி "நன்றாகத்தான் எரிகிறது" என்று முடிவு செய்வது. கெட்ட மருந்தும் எரியும். நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று அந்தச் சுடர் சொல்லாது. மூன்றாவது, துருத்தூளைச் சலித்துவிட்டு மணிகளை எடுத்துக்கொள்வது. தூள் அறிகுறிதான், நோய் மணிக்குள் இருக்கிறது. நாலாவது, கொஞ்சம் பழையதைப் புதியதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்பது. நல்ல டப்பாவையும் கெடுத்து, எரியும் வேகமும் என்னவென்று தெரியாத ஒரு கலவையைச் செய்கிறீர்கள்.

சரி, லேபிள், மூக்கு, கண் மூன்றிலும் தேறிவிட்டது. அப்போதும் அதைப் புதிய மருந்து போல நடத்தாதீர்கள். திறந்து திறந்து மூடிய டப்பாவில் மருந்து உலர்ந்திருக்கலாம். உலர்ந்த மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். எரிவதை மட்டுப்படுத்த மணியின் மேல் இருக்கும் பூச்சும் காலப்போக்கில் உள்ளே ஊறிப் பரவலாம். ஆகவே முன்பு இதே டப்பாவிலிருந்து போட்ட உச்ச அளவு இன்றும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளர் இப்போது வெளியிடும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு அளவிலும் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள். எதற்கும் பத்து சதவீதம் குறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு உண்டு. எல்லா மருந்துக்கும் அது சரியில்லை. எச் 110 போன்ற மருந்தில் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார், ஏனென்றால் அது குறைந்த அளவில் ஒழுங்காகப் பற்றாது.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி இருந்தால் பழைய மருந்துக்கு அது பெரிய துணை. வேகம் குண்டுக்குக் குண்டு தாறுமாறாக இருந்தால், கையேட்டு எண்ணைவிட நிறையக் குறைந்தோ கூடியோ இருந்தால், நிறுத்திவிடுங்கள். சுட்டபோது சத்தம் மந்தமாக "புஸ்" என்று வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். மாட்டிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். விசையை இழுத்தும் சுடவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதித்துப் பற்றுவதும் கெட்ட மருந்தின் குணம்.

ஏற்கெனவே நிரப்பி வைத்த தோட்டாக்களும் அண்ணன் அலமாரியில் ஒரு பெட்டி இருந்தன. உள்ளே இருப்பதை மோந்து பார்க்க முடியாது என்பதால் அவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தில் பச்சை பூத்திருந்தால், கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் சுட வேண்டாம். இரண்டு மூன்றைக் குண்டு பிடுங்கும் கருவியால் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் குண்டின் அடிப்பாகம் பச்சைக் களிம்பு பிடித்து, மருந்து கூட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினாலும் விழவில்லை. அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கினேன்.

கருமருந்து ஒரு டப்பா இருந்தது, ஏழாவது. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கலவை அது. புகையில்லா மருந்தைப் போலத் தானாகச் சிதையாது. உலர்ந்திருந்தால் நூறு வருடம் கழித்தும் அதே வீரியத்தோடு வெடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தபோது அது வெடித்து, சேகரிப்பாளர் ஒருவர் 2008-இல் வர்ஜீனியாவில் இறந்தார். ஆகவே பழசு என்று அலட்சியம் வேண்டாம். அதன் எதிரி ஈரம். ஈரம் பட்டால் வெடியுப்பு கரைந்து மணியின் மேல் வெள்ளையாகப் பூக்கும். மறுபடி காயவைத்தாலும் பழைய தரம் வராது. அதைத் தீப்பொறிக்கும் உராய்வுக்கும் மிகவும் பயந்து கையாள வேண்டும். புகையில்லா மருந்து திறந்தவெளியில் சுடராக எரியும். கருமருந்து திறந்தவெளியிலும் வெடிக்கும். அந்த டப்பாவில் வெண்பூப்பு தெரிந்தது. நான் கிளறவில்லை, அதிகாரிகளிடம் அப்படியே ஒப்படைத்தேன்.

மற்ற ஆறையும் அப்புறப்படுத்தியதைச் சொல்கிறேன். குப்பைத்தொட்டி, சாக்கடை, கழிவறை, வீட்டு அடுப்பு இவற்றில் எதுவும் வழியல்ல. என் முதல் யோசனை எப்போதும், உள்ளூர்த் தீயணைப்புத் துறையையோ வெடிபொருள் பிரிவையோ கேட்பதுதான். நெடி வந்த ஆறாவது டப்பாவின் மருந்தை அன்றே, ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி முழுக்க மூழ்க வைத்தேன். வாளியை இறுக மூடவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் வரை பற்றாது. ஆனால் தண்ணீர் அதைக் கொல்லவில்லை என்பதை மறக்கக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, காய்ந்தால் மறுபடி எரியும். மறுநாள் அதிகாரிகள் வாளியோடு எடுத்துப் போனார்கள்.

எரிப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில், தயாரிப்பாளர்கள் பல காலமாகச் சொல்லும் முறை இது: புல், சருகு இல்லாத வெட்டவெளி, ஒரு அங்குலத்துக்கு மேல் உயராத மெல்லிய பரப்பு, ஒரு குவியலில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு மேல் கூடாது, மெதுவாக எரியும் தாளையோ மரச்சீவலையோ நீளமாகத் திரி போல விட்டு, மறுமுனையில் பற்றவைத்துக் காற்று வரும் பக்கமாக விலகிவிடுவது. நான் அதில் பாதிக்கும் குறைவான அளவைத்தான் ஒரு தடவைக்கு வைப்பேன். அந்த இடத்தில் மண் சூடாக இருக்கும். அதே இடத்தில் அடுத்ததைக் கொட்ட வேண்டாம், கொட்டும்போதே பற்றும். டப்பாவோடு சேர்த்து ஒருபோதும் எரிக்காதீர்கள். கருமருந்துக்கு இந்த முறை கிடையவே கிடையாது.

காலி டப்பாக்களைக் கழுவி, லேபிளைக் கிழித்து, துளையிட்டுப் போட்டேன். அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டால் என்றாவது யாராவது அதில் வேறொன்றைக் கொட்டுவார்கள்.

மிஞ்சிய நான்கும் இப்போது என் வீட்டில், அவற்றின் சொந்த டப்பாக்களிலேயே, கீழ்த்தளத்தில் மர அலமாரியில் பூட்டி இருக்கின்றன. கனமான இரும்புப் பெட்டிக்குள் வைக்கவில்லை. ஏதாவது பற்றினால் இறுக்கமான இரும்பு அதைக் குண்டாக மாற்றிவிடும். நிரப்பி முடித்ததும் அளவுக் கருவியில் இருப்பதை அப்போதே அதன் டப்பாவுக்குத் திருப்பிவிடுகிறேன், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். ஒவ்வொரு மூடியிலும் திறந்த தேதியையும் கடைசியாக மோந்து பார்த்த தேதியையும் எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன்.

அண்ணியிடம் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "எல்லாம் போச்சா தம்பி?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். "அந்தக் கையெழுத்துத் தாள்?" என்றார். 4831 என்று எழுதிய தாளை மட்டும் ஈரத்துணியால் நனைத்து, கிழியாமல் உரித்து, காயவைத்து அவரிடம் கொடுத்தேன்.